மணற்பரப்பு முதல் மடிக்கணினி வரை

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் கல்விச் சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டபோது, "இன்று பள்ளிகளுக்கு வந்துள்ள புதிய கருவிகளைப் பற்றி எழுதுங்கள், ஐயா" என்றும் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வரும் எனக்கு அப்பொருள் புதிதன்று. எனினும் எழுத அமர்ந்தபோது வேறொரு கேள்வியே முன்வந்து நின்றது. ஒவ்வொரு காலத்திலும் பள்ளிக்கு ஏதேனும் ஒரு புதிய கருவி வந்துகொண்டேயிருந்திருக்கிறது. அக்கருவியை நம் பிள்ளைகள் தம் கையால் தொட்டார்களா?

இக்கேள்வியை நான் வேண்டுமென்றே எழுப்புகிறேன். படைப்பாற்றல் என்பது பார்த்துக்கொண்டிருப்பதனால் வருவதன்று. செய்து பார்த்து, தவறி, அழித்து, மறுபடியும் செய்யும்போதே அது பிறக்கிறது. அதற்குக் கருவி கையில் இருக்க வேண்டும். தொடுதலே குற்றமென விதிக்கப்பட்டிருந்த ஒரு மக்கட்பிரிவின் கல்வி வரலாற்றில், கருவியைத் தொடும் உரிமை எவ்வாறு சிறிது சிறிதாக ஈட்டப்பட்டது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

மணலும் ஓலையும்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் முதற்கருவி மணலே. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, உரக்கச் சொல்லிக் கற்றனர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. 1789 ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தை மேற்பார்த்து வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் இம்முறையைக் கண்டு தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டார். இவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் 1797 இல் லண்டனில் வெளிவந்தது. 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

மணலுக்கு விலை இல்லை. தவறாக எழுதிவிட்டால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். குழந்தைக்கு இதனினும் இசைந்த கருவியை இன்றளவும் எவரும் கண்டுபிடித்தாரில்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த எளிய கருவியும் நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் எட்டவில்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் ஆணையிட்டு எடுத்த கணக்கெடுப்பின் முடிவு 1826 இல் தொகுத்துரைக்கப்பட்டது. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர் என்கிறது அக்கணக்கு. பெருமைக்குரிய எண்ணிக்கைதான். எனினும், ஊர்த் தெருவின் திண்ணைகளில் சேரிப் பிள்ளை ஏறி அமர்ந்ததில்லை. சேரியில் மணலுக்கா பஞ்சம்? ஆசான் முன் அமரும் இடத்திற்கே பஞ்சம்.

இதனால் நம்மிடையே எழுத்தே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. வள்ளுவ மரபினர் சோதிடமும் மருத்துவமும் ஓலைச்சுவடிகளில் போற்றி வந்தனர். தம் பாட்டனார் கந்தப்பன் அவர்கள் திருக்குறள் ஏட்டுச்சுவடியைத் தம் துரை வழியாக எல்லீசரிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருப்பதை நாம் மறத்தலாகாது. திருக்குறள் அச்சேறியது 1812 இல் ஆகும். ஓலையைக் காத்த கைகளுக்கே பள்ளியின் ஓலை மறுக்கப்பட்டது என்பதுதான் வரலாற்றின் கொடுமை.

கரும்பலகைக்குப் பின்னால்

மணலின் இடத்தைச் சிலேட்டும் கரும்பலகையும் பிடித்தன. ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒன்றைக் காட்ட உதவிய முதற்கருவி கரும்பலகையே. பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை அவர்தம் வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் பதிவு செய்துள்ளார். ஒரு நாள் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுமாறு ஆசிரியர் சிறுவன் பீமனைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. மற்றப் பிள்ளைகள் தங்கள் உணவுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தனர். பீமன் பலகையை அணுகினால் உணவு தீட்டுப்படும் என்று ஓடிச்சென்று பெட்டிகளை அப்புறப்படுத்திய பின்னரே அவர் சுண்ணக்கட்டியைத் தொட முடிந்தது.

இந்நிகழ்ச்சியை நான் ஆண்டுதோறும் என் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அப்பள்ளியில் கரும்பலகை இருந்தது, ஆசிரியர் அழைக்கவும் செய்தார், மாணவனுக்குக் கணக்கும் தெரிந்திருந்தது. அத்தனையும் இருந்தும் இடையே ஒரு சுவர் நின்றது. ஒரு பள்ளியில் என்னென்ன கருவிகள் உள்ளன என்ற பட்டியல் அச்சுவரைக் காட்டுவதில்லை.

அச்சு நம் கைக்கு வந்தது

நம்மவர் தாமாக முயன்று கைப்பற்றிய முதல் புதுமைக் கருவி அச்சு இயந்திரம் எனலாம். 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பொறித்த துணிவு பெரிது. 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். அதே 1893 இல் பஞ்சமர் எனப்பட்டோரின் கல்விக்குச் சலுகைகள் வழங்கும் அரசாணை பிறந்தது. 1894 இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அம்முயற்சியில் பண்டிதரின் தூண்டுதலும் இருந்தது.

இங்கே பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களை நினைவுகூர்தல் தகும். 1920 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றவர் என்றே அவரைப் பலர் அறிவர். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். ரா. அரங்கநாயகி அம்மையாருடன் சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் குழந்தைப் பாடல் நூலை 1930 இல் அவர் வெளியிட்டார். கையை வீசியும் உடலை ஆட்டியும் பாடுவதற்குரிய பாடல்களை, அச்சு என்னும் கருவியின் துணையால் வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் அவர். மேடையில் உரிமைக்காக வாதாடிய தலைவர், மழலையர் மகிழ்ந்து ஆடுவதும் கல்வியே என்று கண்டிருந்தார். ஆசிரியர்களாகிய நமக்கு இதனைவிட நல்ல முன்மாதிரி வேண்டுவதில்லை.

தக்ளியும் வானொலியும்

1920 முதல் தொழிலாளர் துறையின் கீழ் நம் மக்களுக்கெனத் தனிப்பள்ளிகள் தோன்றின. 'லேபர் பள்ளி' என்று நம் முதியோர் குறிப்பிடுவது இவற்றையே. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இவற்றின் வழி வந்தவை.

1937 இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தின்படி தக்ளியும் இராட்டையும் வகுப்பறைக்குள் வந்தன. கைத்தொழில் வழியே அறிவை வளர்க்கலாம் என்பது உண்மையில் உயர்ந்த கருத்து. ஆனால் அக்கருத்து நம் மண்ணில் எவ்வாறு திரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1953 இல் இம்மாநிலத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றனர். செருப்புத் தைப்பவர் மகன் ஊசியையும், பண்ணையாள் மகன் கதிர் அரிவாளையும் மறுபடியும் ஏந்த வேண்டும் என்பதே இதன் பொருள் என்று மக்கள் உணர்ந்தனர். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பலரும் கிளர்ந்தெழுந்தனர். 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. பிள்ளையின் கையில் கருவி இருந்தால் மட்டும் போதாது. அக்கருவி அவனைப் பழைய இடத்திலேயே கட்டிப்போடுகிறதா, அவன் விரும்பிய இடத்திற்கு வழி திறக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அடுத்து வந்தது வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 இல் அகில இந்திய வானொலியின் கீழ் தொடங்கிற்று. பள்ளி ஒலிபரப்பும் நாளடைவில் வழக்கமாயிற்று. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஊர்ப் பள்ளியிலும் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அது பச்சைத் துணி போர்த்தித் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும் நாளில் துணி நீங்கும், பெட்டி பாடும். மற்ற நாள்களில் நாங்கள் சன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறோம். அதனுள் யார் அமர்ந்து பேசுகிறார் என்பது பற்றி எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் எங்களுள் ஒருவன் பொறியாளனாகியிருக்கக் கூடும் என்று பின்னாளில் பலமுறை நினைத்ததுண்டு.

1984 ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் 250 பள்ளிகளைத் தேர்ந்து கணினிக் கல்வித் திட்டம் ஒன்றை நடுவணரசு தொடங்கியது. பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினிகள் அவற்றுக்கு வழங்கப்பட்டன. எம் போன்ற கிராமத்து மாணவர் அதைச் செய்தித்தாள் படத்தில்தான் கண்டோம். அந்நாளில் இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் இல்லாத தொடக்கப் பள்ளிகளே பலவாக இருந்தன. அக்குறை நீக்க 'கரும்பலகைத் திட்டம்' என்னும் பெயரிலேயே ஒரு திட்டம் 1987 இல் தொடங்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை விளங்கும்.

கைக்கு எட்டிய பலகை

தமிழகப் பள்ளி வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் கருவி மாற்றம் மின்சாரமே வேண்டாதது. 2003 இல் சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிப் பள்ளியினர் வகுத்த முறையைத் தழுவியது அது. 2007-08 இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது.

அம்முறையில் வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதி முழுவதும், தரையில் அமர்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகையாக மாற்றப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. குழந்தைகள் தாமே அட்டையை எடுத்து, படித்து, தம் பலகையில் எழுதி, அடுத்த படிக்கு முன்னேறினர். வரைந்த படங்கள் அறைக்குள் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கின. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். இம்முறையில் குறைகள் இருந்ததை நான் மறுக்கவில்லை. அட்டைகள் கிழிந்தன, பல வகுப்புகளை ஓர் ஆசிரியர் ஒருங்கே கவனிப்பது கடினமாயிற்று, எழுத்துப் பயிற்சி குறைகிறது என்று பெற்றோர் வருந்தினர். பின்னாளில் இம்முறை மாற்றம் பெற்றது. ஆயினும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடிய அந்தப் பம்பாய்க் கரும்பலகையையும், குழந்தைதோறும் ஓர் இடம் ஒதுக்கிய இந்தக் கரும்பலகையையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இடையே ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது.

மடிக்கணினி வந்த நாள்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல லட்சம் மாணவர் மடிக்கணினி பெற்றனர். மின்விளக்குக் கூடத் தாமதமாக வந்த தெருவில் ஒரு கணினி வந்து இறங்கியது. அது பள்ளியின் அலமாரியில் பூட்டப்படாமல் மாணவியின் பெயரிலேயே வழங்கப்பட்டது என்பதை நான் பெரிதும் பாராட்டுகிறேன்.

அப்போது நான் பணியாற்றிய மேனிலைப் பள்ளியில் ஒரு மாணவி, நடவு வேலைக்குப் போகும் தன் பாட்டியின் பாடல்களைக் கணினியில் ஒலிப்பதிவு செய்தாள். பின்பு ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தமிழில் தட்டச்சிட்டாள். தமிழ் 99 விசைப்பலகை 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டதாகும். அதனை அவளுக்கு அரை மணியில் கற்பித்தேன். தட்டச்சிட்டவற்றை அச்சிட்டுத் தைத்து ஒரு சிறு நூலாக்கி என் மேசைமேல் வைத்தாள். முகப்பில் ஆசிரியர் பெயராகத் தன் பெயரைப் போடாமல் பாட்டியின் பெயரைப் போட்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் நூலைக் கையில் வாங்கித் தம் பெயர் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்ததாக அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

எல்லா மடிக்கணினியும் இவ்வாறு பயன்பட்டது என்று சொன்னால் பொய்யாகும். திரைப்படம் பார்க்க மட்டும் பயன்பட்டவை உண்டு. அடகுக்குப் போனவையும் உண்டு. தேர்வு முடிந்த பின்னர் வந்து சேர்ந்ததால் வகுப்பில் எதுவும் செய்ய இயலாத ஆண்டுகளும் உண்டு. கருவியைக் கொடுத்தோமே தவிர, அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லித்தர ஆசிரியர்களாகிய எங்களைப் போதிய அளவு ஆயத்தம் செய்யவில்லை.

கதவடைத்த காலம்

2018 முதல் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26 இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவை வந்த சில மாதங்களில் கொரோனா பெருந்தொற்று பரவியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், மேல்வகுப்புகளுக்கு இடையில் சிறிது காலம் திறந்ததைத் தவிர, 2021 செப்டம்பர் வரை மூடியே கிடந்தன. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் பள்ளி வாயிலை மிதித்தனர்.

அக்காலத்தில் நம் தெருக்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அவர் திரும்பிய பின், அண்ணன் பார்த்து முடித்த பின், தங்கைக்கு முறை வரும். அதற்குள் கண் அயர்ந்துவிடும். பாடம் அலைகளில் வந்துகொண்டேயிருந்தது. அதை ஏந்தும் கருவி கைக்கு வரவில்லை. எங்கள் பள்ளியில் அவ்விரண்டு ஆண்டுகளில் திருமணம் செய்துகொடுக்கப்பட்ட பெண்பிள்ளைகளும் வேலைக்குப் போன ஆண்பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலரைத்தான் திரும்ப அழைத்துவர முடிந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் தெருவின் படித்த பெண்களே, மாலைதோறும் குழந்தைகளை அமர்த்திப் பாட்டும் கதையும் சொன்னபோதுதான் பிள்ளைகளின் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது.

இன்றைய நிலையும் ஆசிரியரும்

இன்று உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்க்குக் கையடக்கக் கணினிகளும் வந்துள்ளன. 2022 நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனைகளைக் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பைத் தந்தது. அதே ஆண்டில் தோன்றிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படைப்புகளைத் தாங்கி வந்தன. சீனிவாசனும் பண்டிதரும் அச்சைக் கைக்கொண்டு நூறாண்டு கடந்தபின், நம் பேரப்பிள்ளைகள் தம் பெயரை அச்சில் காண்கின்றனர்.

ஆசிரியர்க்கு இவை உண்மையில் துணையாகின்றன. இதயம் துடிப்பதை ஒரு நொடியில் காட்ட முடிகிறது. மலையூர் ஆசிரியர் ஒருவர் ஆயத்தம் செய்த பாடத்தைக் கடலோர ஆசிரியர் பெற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் அதே கருவி நாள்தோறும் புள்ளிவிவரம் ஏற்றும் எழுத்தர் வேலையையும் ஆசிரியர் தலையில் சுமத்துகிறது. பாட வேளையில் ஆசிரியர் திரையை நோக்கியிருந்தால் பிள்ளையை நோக்குபவர் யார்? ஆசிரியரின் நேரத்தை மீட்டுத் தரும் கருவியே ஆசிரியருக்குத் துணையாகும்.

இன்னொன்றும் சொல்வேன். கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. முதல் தலைமுறையாக எழுத வரும் நம் பிள்ளை, தன் சொல்லைத் தேடும் முன்னரே பிறர் சொல்லைப் பெற்றுவிடும் ஆபத்து இதில் உண்டு. முதற்படியைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். பிழை திருத்தவும், ஐயம் கேட்கவும் பின்னர் இயந்திரத்தை அணுகட்டும். பலர் பேச நாம் கேட்டிருந்த காலம் நெடிது. இனியேனும் நம் குரலில் நாம் பேச வேண்டும்.

நம் சங்கம் செய்யத்தக்கவை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு குழல்விளக்கின் கீழ் இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய நம் சங்கம், இன்று பட்டதாரிகள் பலரைக் கண்டிருக்கிறது. அடுத்த கட்டத்திற்கு என் எளிய வேண்டுகோள்கள் சில. வீடுகளில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்த்து, மாலைநேரக் கணினி அறை ஒன்றை நம் தெருவிலேயே அமைத்தல் வேண்டும். அதன் சாவி ஒருவர் இடுப்பில் தொங்கலாகாது. மாணவர் குழுவிடமே இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்குதல் வேண்டும். நம் முதியோரின் பாடல்களையும், பறையிசையையும், அவர்கள் பட்ட பாடுகளையும் பிள்ளைகளே பதிவு செய்து ஆண்டுக்கொரு நூலாக வெளியிடுதல் வேண்டும். எந்திரம் பழுதானால் திட்டாமல், திறந்து பார்க்க விடுதல் வேண்டும்.

பச்சைத் துணி போர்த்திய பெட்டியைச் சன்னல் வழியே பார்த்து வளர்ந்தவன் நான். என் பள்ளியின் ஆய்வக வாயிலில் நின்று, "ஐயா, உள்ளே வரலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போதெல்லாம் அந்தச் சன்னல் எனக்கு நினைவுக்கு வருகிறது. கேட்காமலே உள்ளே வந்து அமரும் பிள்ளைகளை நம் சங்கம் உருவாக்கட்டும். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் காண்க. அந்நாளின் மலரை நம் பிள்ளைகளே எழுதி, அச்சிட்டு, நம் கையில் தருக என வாழ்த்தி அமைகின்றேன்.